டீசல் குழல் நுழையாத டேங்க்: பெட்ரோல் பிக்அப்பை டீசலாக்கும் வேலை பற்றி

பெட்ரோல் பிக்அப்பில் டீசல் இன்ஜினை ஏற்றியவர்களில் பலருக்கு அதிர்ச்சி பட்டறையில் வருவதில்லை, பங்க்கில்தான் வருகிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, புகையும் பரவாயில்லை. வண்டியைக் கொண்டுபோய் டீசல் பம்ப் பக்கத்தில் நிறுத்தி மூடியைத் திறந்தால், குழல் உள்ளே நுழைய மறுக்கிறது. ஈயம் கலக்காத பெட்ரோலுக்கென்று செய்த டேங்க் வாய் ஏறக்குறைய 21 மி.மீ. விட்டமுள்ள குழலுக்கு அளவெடுத்தது. டீசல் குழல் 24 மி.மீ. வரும், லாரிகளுக்கான பம்ப் என்றால் இன்னும் தடிமன். ஈயம் கலந்த பெட்ரோல் தப்பித்தவறி உள்ளே போய்விடக் கூடாது என்று ஒரு காலத்தில் வைத்த தடுப்பு அது. இப்போது டீசலையும் வாசலிலேயே நிறுத்துகிறது.

இதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். ஆனால் இந்த வேலையின் குணம் முழுக்க அந்த வாயில் தெரிந்துவிடுகிறது. வண்டியின் ஒவ்வொரு மூலையிலும் யாரோ ஒரு பொறியாளர் "இது பெட்ரோல் வண்டி" என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பழைய இன்ஜினை இறக்கிப் புதியதை வைப்பதற்கு ஒரு வாரம் ஆகலாம். அந்த எழுத்துகளைத் தேடித் தேடி அழிப்பதில்தான் மீதி மாதங்கள் கழியும்.

அப்படியும் ஏன் செய்கிறார்கள்? இழுவை, மைலேஜ், ஆயுள் என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றுக்கும் அடிப்படை உண்டு, ஆனால் மூன்றும் கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்டவை.

பெட்ரோல் இன்ஜினில் நாம் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறப்பது காற்றுக்கான கதவை. காற்று எவ்வளவு போகிறதோ அதற்கேற்ப பெட்ரோல் போகும். ஐடிலிங்கில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு ஓடுவது போல, இன்ஜின் தன் சக்தியில் ஒரு பகுதியை மூச்சு இழுப்பதற்கே செலவழிக்கிறது. டீசலில் அந்தக் கதவு இல்லை. காற்று எப்போதும் முழுதாகப் போகும். கூடுவதும் குறைவதும் எரிபொருள் மட்டும்தான். அதோடு பெட்ரோல் இன்ஜின் காற்றை எட்டிலிருந்து பதினோரு மடங்கு வரை அமுக்குகிறது என்றால், டீசல் 15 முதல் 22 மடங்கு வரை அமுக்குகிறது. அமுக்கம் கூடினால் அதே எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடும். பாதிச் சுமையில், நெரிசலில், மெதுவாக ஊர்ந்து போகும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட சுமார் 12 சதவீதம் அதிக ஆற்றல் இருக்கிறது. அது இன்ஜினின் சாமர்த்தியம் இல்லை, எரிபொருளின் அடர்த்தி. "முன்னாடி எட்டு கொடுத்தது, இப்போ பன்னிரண்டு கொடுக்குது" என்று பெருமைப்படுபவர்கள் இதை யாரும் கழிப்பதில்லை.

சரி, இவ்வளவு நல்லது என்றால் இருக்கிற பெட்ரோல் இன்ஜினையே டீசலாக மாற்ற முடியாதா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாட்டி, ஒரு பம்ப்பை வைத்தால் என்ன? இந்தக் கேள்வி கேட்காதவர் இல்லை. பதில், தாங்காது என்பதுதான்.

டீசல் சிலிண்டருக்குள் அமுங்கும் காற்று 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகிறது. அதில் பீய்ச்சும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. அந்த நேரத்து அழுத்தம், டர்போ வைத்த இன்றைய டீசல்களில் 150 பாரையும் தாண்டும். டர்போ இல்லாத சாதாரணப் பெட்ரோல் இன்ஜின் இதில் பாதியைக்கூடப் பார்த்திருக்காது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், பேரிங், சிலிண்டர்களுக்கு மூடியான ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட் எல்லாமே அந்தக் குறைந்த அழுத்தத்துக்குத்தான் அளவெடுக்கப்பட்டவை.

இதை ஒரு பெரிய நிறுவனமே பட்டுத் தெரிந்துகொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1978 மாடல் முதல் 1985 வரை விற்ற ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் வி8 டீசல், அமெரிக்காவில் டீசல் என்ற பேரையே கெடுத்தது. "பெட்ரோல் இன்ஜினை அப்படியே டீசலாக்கினார்கள்" என்று இன்றும் பேச்சு உண்டு. அது முழு உண்மை இல்லை. இன்ஜினின் உடலான பிளாக்கைக் கனமாக்கி, உள்ளே இருந்தவற்றையும் பலப்படுத்தித்தான் செய்தார்கள். ஆனால் அதே தொழிற்சாலை இயந்திரங்களில் செய்ய வேண்டும் என்பதற்காகப் பெட்ரோல் இன்ஜினின் ஹெட் போல்ட் அமைப்பை மாற்றவில்லை: ஒரு ஹெட்டுக்கு 10 போல்ட், அவ்வளவுதான். அமுக்கமோ 22.5 மடங்கு. போல்ட்டுகள் இழுபட்டன, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் காஸ்கெட் போனது, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியது. டீசலில் கலந்துவரும் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் வைக்காததால் பம்ப்பும் நாசிலும் துருப்பிடித்தன. இதில் ஒரு வேடிக்கை: அந்தக் கனமான டீசல் பிளாக்கைப் பந்தயக்காரர்கள் தேடித் தேடி வாங்கினார்கள், பெட்ரோல் இன்ஜின் கட்டுவதற்கு. அந்த வேலைக்கு அது பாறை போல நின்றது.

ஆகவே, "டீசலாக்குவது" என்று பேச்சில் சொன்னாலும் நடப்பது இன்ஜின் மாற்றம்தான். பழையது வெளியே, வேறொன்று உள்ளே. எந்த வேறொன்று என்பதில்தான் பாதி விதி எழுதப்படுகிறது.

இந்த வேலையில் அதிகம் அடிபடும் பெயர் கம்மின்ஸ், அமெரிக்க டீசல் இன்ஜின் நிறுவனம். 1989-இல் டாட்ஜ் ராம் பிக்அப்பில் வந்த 5.9 லிட்டர் 6 சிலிண்டர் 6பிடி, அதன் தம்பி 3.9 லிட்டர் 4 சிலிண்டர் 4பிடி. இரண்டுக்கும் சிலிண்டர் அளவு ஒன்றே, பாகங்களும் பெரும்பாலும் பொது. தம்பி வீடு வீடாகப் பொட்டலம் கொடுக்கும் வேன்களிலும் ஜெனரேட்டர்களிலும் உழைத்தவன். பழைய வேன்களை உடைக்கும்போது கிடைப்பான். டைமிங் பெல்ட் கிடையாது, எல்லாம் கியர்; பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் கிடையாது. இரண்டு ஒயர் கொடுத்தால் ஓடும். 105 குதிரைத்திறன் என்று கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் 1,600 சுற்றிலேயே சுமார் 360 நியூட்டன் மீட்டர் இழுவை.

எடையைப் பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிடும். 4பிடி சுமார் 340 கிலோ, 6பிடி ஏறக்குறைய 500 கிலோ. பெரிய பிக்அப்பில் இருந்த வார்ப்பிரும்பு பெட்ரோல் வி8 சுமார் 260 கிலோதான். சின்ன பிக்அப்பின் 4 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினோ 4பிடியில் ஏறக்குறைய பாதி. அந்தச் சின்ன வண்டியில் 4பிடியை வைப்பது என்றால், முன் சக்கரத்தின் மேல் இரண்டு தடித்த ஆட்களை நிரந்தரமாக உட்காரவைப்பதற்குச் சமம். முன் ஸ்பிரிங் இறங்கும், ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். இன்ஜின் மட்டும் மாறி ஸ்பிரிங்கும் பிரேக்கும் மாறாத வண்டிகளைப் பார்த்தாலே தெரியும், மூக்கு தரையை நோக்கிக் குனிந்திருக்கும்.

4பிடியின் இன்னொரு குணம் நடுக்கம். நான்கு சிலிண்டரை வரிசையாக வைத்த எந்த இன்ஜினிலும் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் விசை முழுதாகச் சமன் ஆகாது. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு முறை தூக்கிப் போடும். சின்ன இன்ஜினில் அது தெரியாது. ஒவ்வொரு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரு லிட்டர் உள்ள இன்ஜினில் கண்ணாடியில் முகம் பார்க்க முடியாது. 6 சிலிண்டர் வரிசையில் இந்த விசைகள் தமக்குள் கழிந்துவிடும். அதனால்தான் எடை கூடினாலும் அண்ணனையே தேடுபவர்கள் உண்டு.

என்னைக் கேட்டால் புத்திசாலித்தனமான தேர்வு வேறு. உங்கள் வண்டியின் அதே மாடல் எந்த ஊரிலாவது, எந்த வருடத்திலாவது தொழிற்சாலையிலேயே டீசலோடு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டொயோட்டாவின் சின்ன பிக்அப்புகள் பெட்ரோலிலும் வந்தன, டீசலிலும் வந்தன. அப்படியென்றால் மவுண்டிங், ரேடியேட்டர், குழாய்கள் எல்லாம் யாரோ ஏற்கெனவே யோசித்து வைத்தவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் கொண்டுவந்த 6.2 லிட்டர் டீசலின் பின்பக்கம், ஷெவ்ரலே பெட்ரோல் வி8-இன் அதே போல்ட் அமைப்பு. பழைய கியர்பாக்ஸ் நேராகப் போய் உட்காரும். பெருமை பேச அது பெரிய இன்ஜின் இல்லை. ஆனால் மூன்று மாத வேலையை மூன்று வாரமாக்கும்.

சின்ன வண்டிகளுக்கு மெர்சிடிஸின் 3 லிட்டர், 5 சிலிண்டர் ஓஎம்617, ஃபோக்ஸ்வாகனின் 1.9 டிடிஐ ஆகியவை பழகிய தேர்வுகள். கம்மின்ஸே பின்னாளில் ஆர்2.8 என்ற 2.8 லிட்டர் இன்ஜினை ஒயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டி சகிதம் மரப்பெட்டியில் அடைத்து, பழைய வண்டிகளுக்கென்றே விற்றது. எடை சுமார் 230 கிலோ, 161 குதிரைத்திறன். முப்பது வருடத்தில் என்ன நடந்திருக்கிறது என்பதை 4பிடியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

இன்ஜின் வந்துவிட்டது. செயின் பிளாக்கில் தொங்குகிறது. மெதுவாக இறக்குகிறீர்கள். இன்ஜினின் பின்பக்கத்து மணி வடிவ உறையான பெல் ஹவுசிங் கேபினின் முன் சுவரை நெருங்கும்போது, கீழே எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப் முன் குறுக்குச் சட்டத்தின் மேல் போய் உட்காருகிறது. இன்னும் நான்கு விரல் இறங்க வேண்டும், இடம் இல்லை. ஏற்று. இரண்டு விரல் பின்னால் தள்ளினால் வால்வு கவர் சுவரில் இடிக்கிறது. முன்னால் தள்ளினால் ஃபேன் ரேடியேட்டருக்குள் போகிறது. ஏற்று. சம்ப்பைக் கழற்றி, குழி பின்பக்கம் இருக்கும் வேறு சம்ப்பும் அதற்கேற்ற உறிஞ்சு குழாயும் தேடி மாட்டி, மறுபடி இறக்கினால் இப்போது டர்போவின் வாய் ஸ்டீயரிங் தண்டைத் தொடுகிறது. பானெட்டை மூடிப் பார்க்கலாம் என்றால் மூன்று விரல் தூக்கி நிற்கிறது. இன்ஜினை ஐந்தாறு முறை ஏற்றி இறக்காமல் இந்தக் கட்டம் முடிந்ததாக யாராவது சொன்னால், அவர் அதே வண்டியில் இரண்டாவது முறை செய்கிறார் என்று அர்த்தம்.

இடம் கிடைத்ததும் கியர்பாக்ஸோடு சேர்க்க வேண்டும். இன்ஜினின் போல்ட் துளைகள் ஒரு வட்டம், கியர்பாக்ஸின் துளைகள் வேறு வட்டம். நடுவில் ஒரு அடாப்டர் தகடு. தகடு பார்க்கச் சாதாரணமானது, உண்மையில் இந்த வேலையிலேயே மிக நுட்பமான பாகம் அதுதான். கிராங்க்கின் மையமும் கியர்பாக்ஸ் உள்தண்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பேச்சு இங்கே பத்தில் ஒரு மி.மீ. கணக்கில். ஃப்ளைவீலில் டயல் கேஜைக் காந்தத்தால் ஒட்டி, கிராங்க்கைக் கையால் சுற்றி, முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து "நேராத்தான் இருக்கு" என்று மூடிய தகடுகள் எல்லாம் சில ஆயிரம் கிலோமீட்டரில் உள்தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கையும் கிளட்ச்சையும் தின்றுவிட்டுத்தான் உண்மையைச் சொல்லும்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே செய்ய வேண்டிய ஒன்று. அந்தக் கால 6பிடி, 4பிடி இன்ஜின்களில் டைமிங் கியர் உறைக்குள் பாகங்களை இடம் பிசகாமல் பிடிக்கும் ஒரு சின்ன டவல் பின் உண்டு. அதிர்வில் மெல்லத் தளர்ந்து கியர்களுக்கு நடுவே விழுந்தால் இன்ஜின் போச்சு. ஒரு சின்னத் தகட்டை வைத்து அது வெளியே வராமல் மறித்துவிடலாம். ஸ்டாண்டில் இருக்கும்போது அரை நாள் வேலை.

இனி கணக்கு. இந்த வேலையில் பலர் கோட்டை விடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 15 அங்குல ரிம் உள்ள பிக்அப்புகளில் சகஜமான அளவு. மணிக்கு 100 கி.மீ. போக சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 725 முறை சுற்ற வேண்டும். பெட்ரோல் வண்டியின் பின் ஆக்சில் விகிதம் 4.10 என்றால், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற தண்டு 4.10 முறை சுற்ற வேண்டும் என்றால், நேரடி டாப் கியரில் இன்ஜின் கிட்டத்தட்ட 2,970 சுற்று சுற்றும். 5,000 சுற்று வரை போகும் பெட்ரோல் இன்ஜினுக்கு அது நடைப்பயிற்சி. ஆனால் 2,500 சுற்றில் கவர்னர் (சுற்றை மேலே போகவிடாத கருவி) பிடித்துவிடும் டீசலுக்கு? 2,500-ஐ 4.10-ஆல் வகுத்து 2.3-ஆல் பெருக்கிப் பாருங்கள்: நிமிடத்துக்கு சுமார் 1,400 மீட்டர், அதாவது மணிக்கு 84 கி.மீ. அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் சுவரில் முட்டியது போல நிற்கும். பின்னால் வருபவர் ஹார்ன் அடிப்பார்.

வழி இரண்டு. ஆக்சிலில் கிரவுன், பினியனை மாற்றி விகிதத்தை 3.08 மாதிரி ஒன்றுக்குக் கொண்டுவந்தால், 100-இல் இன்ஜின் சுமார் 2,230 சுற்று. அல்லது 4.10-ஐ அப்படியே விட்டு, 0.73 ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட வெளித்தண்டு வேகமாகச் சுற்றும் கியர்) உள்ள கியர்பாக்ஸை வைத்தால் சுமார் 2,170. சுமை இழுக்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது, ஏனென்றால் மேடு ஏறும்போது கீழ் கியர்களின் பலம் அப்படியே இருக்கும்.

தமிழில் பிக்அப் என்றால் வண்டிக்கும் பெயர், அது எகிறும் வேகத்துக்கும் பெயர். டீசல் ஏற்றிய பிக்அப்பில் பிக்அப் கூடும் என்று நம்பி வருபவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில். இழுவை வேறு, எகிறல் வேறு. இழுவையைச் சுற்றால் பெருக்கினால் வருவதுதான் குதிரைத்திறன். சுற்று குறைவான இன்ஜின் சுமையோடு மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறும். காலி வண்டியில் சிக்னலில் பக்கத்துக் காரோடு போட்டி போடாது.

இழுவைக்கு இன்னொரு விலையும் உண்டு. டீசலின் ஒவ்வொரு எரிப்பும் கிராங்க்கில் சுத்தியல் அடி. சுற்று குறைவு என்பதால் அடிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், ஒவ்வொரு அடியும் பலமானது. இந்தத் துடிப்பு அப்படியே கியர்பாக்ஸுக்குப் போகிறது. டாட்ஜ் கம்மின்ஸ் வண்டிகளில் வந்த என்வி4500 வலுவான பெட்டி என்று பெயர் பெற்றது. அதிலேயே இந்தத் துடிப்பில் ஐந்தாம் கியரைப் பிடிக்கும் நட் கழன்று, ஐந்தாவது கியர் காணாமல் போகும் கதை பிரபலம். தொழிற்சாலையில் சேர்த்த ஜோடிக்கே அந்த நிலை என்றால், 150 நியூட்டன் மீட்டருக்குச் செய்த சின்னப் பெட்ரோல் கியர்பாக்ஸின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக்குக்கு வருவோம். முன்னால் சொன்ன அந்தப் பாதி மூடிய காற்றுக் கதவு நினைவிருக்கிறதா? அந்தக் கதவுக்குப் பின்னால் உருவாகும் வேக்குவத்தில்தான் பெட்ரோல் வண்டியில் நம் காலுக்குத் துணையாகப் பிரேக்கை அழுத்தும் பூஸ்டர் வேலை செய்கிறது. கதவே இல்லாத டீசலில் வேக்குவமும் இல்லை. இதை மறந்து வண்டியை வெளியே எடுத்தவருக்கு முதல் முறை பெடலை மிதிக்கும்போது கல்லை மிதித்தது போல இருக்கும். முழு எடையையும் காலில் கொடுத்தால்தான் நிற்கும். தனி வேக்குவம் பம்ப் வைக்க வேண்டும், அல்லது பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட்டுக்கு மாற வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகக் குறையும் அந்த இன்ஜின் பிரேக்கும் டீசலில் கொஞ்சம்தான். இறக்கத்தில் சுமையோடு போகிறவர்கள் புகைப் பாதையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கைப் பற்றி யோசிக்காமல் இருக்கக் கூடாது.

மின்சாரப் பக்கம் சின்னச் சின்னத் தொல்லைகள். ஆர்பிஎம் மீட்டர் இக்னிஷன் காயிலின் துடிப்பை எண்ணி ஓடியது. காயில் இல்லாததால் முள் பூஜ்யத்திலேயே கிடக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்தோ ஃப்ளைவீல் பற்களை எண்ணும் சென்சாரிலிருந்தோ புதிதாக சிக்னல் கொடுக்க வேண்டும். அவ்வளவு அமுக்கத்துக்கு எதிராகக் கிராங்க்கைச் சுற்ற பெரிய செல்ஃப் மோட்டார், அதற்குப் பெரிய பேட்டரி, சில வண்டிகளில் இரண்டு. ஜெனரேட்டரிலிருந்தோ கட்டுமான இயந்திரத்திலிருந்தோ எடுத்த இன்ஜின் என்றால் செல்ஃப் 24 வோல்ட்டாக இருக்கலாம். பார்க்காமல் 12 வோல்ட் கொடுத்துவிட்டு "இன்ஜின் ஜாம்" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

அப்புறம், சாவியைத் திருப்பினால் டீசல் நிற்காது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள இன்ஜினுக்கு மின்சாரம் தேவையே இல்லை. டீசலை வெட்டும் சொலினாய்டோ, இழுத்து நிறுத்தும் கேபிளோ வேண்டும். டர்போவின் சீல் போய் எண்ணெய் காற்றுப் பாதைக்குள் வந்துவிட்டால், டீசலை வெட்டினாலும் நிற்காது. தன் எண்ணெயையே குடித்துக்கொண்டு சுற்று ஏறிக்கொண்டே போகும். அப்போது காற்றை அடைப்பது ஒன்றுதான் வழி. பழைய இன்ஜினை முதல் முறை ஓட்டிப் பார்க்கும்போது இன்டேக் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஒரு தடித்த பலகைத் துண்டைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது அனுபவஸ்தர்களின் பழக்கம். கையால் மூடப் போகக் கூடாது, உறிஞ்சிவிடும்.

எரிபொருள் பாதையில் பெட்ரோலின் வாசம்கூட மிச்சம் இருக்கக் கூடாது. டீசல் பம்ப்புக்கு மசகும் டீசல்தான். பெட்ரோல் கலந்தால் அந்த வழவழப்புப் போய் பம்ப் தேயும். டேங்க்கைக் கழற்றிக் கழுவி உலர்த்த வேண்டும். பெட்ரோல் ஆவி நிறைந்த காலி டேங்க்கின் பக்கத்தில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். உள்ளே துத்தநாகப் பூச்சு உள்ள டேங்க்கையும் செம்புக் குழாயையும் தவிர்ப்பது நல்லது. இரண்டும் டீசலோடு நாள்பட ஒத்துப்போவதில்லை. டேங்க்கிலிருந்து போகும் குழாயோடு திரும்பி வரும் குழாய் ஒன்றும் வேண்டும், ஏனென்றால் டீசல் பம்ப் தேவைக்கு மேல் இழுத்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஓல்ட்ஸ்மொபைல் கதைக்குப் பிறகு, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் மாட்டியதும் முதல் ஸ்டார்ட். ஸ்டார்ட் ஆகாது. குழாய் முழுக்கக் காற்று. ஃபில்டருக்கு மேலே இருக்கும் கை பிரைமரைக் கட்டைவிரல் வலிக்கும்வரை அமுக்க வேண்டும். பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் முதலில் நுரை சீறும், அப்புறம் குமிழி குமிழியாக வரும், கடைசியில் டீசல் கம்பியாக ஒழுகும், மூடு. பிறகு நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நட்டிலும் துப்பித் துப்பி டீசல் வர ஆரம்பிக்கும். ஒன்றை இறுக்கியதும் ஒரு சிலிண்டர் "டக்" என்று பிடிக்கும், அடுத்ததை இறுக்கினால் அடுத்தது. மூன்றாவது பிடிக்கும்போது இன்ஜின் தானாக ஓடத் தொடங்கி, தோளிலிருந்து முழங்கை வரை டீசலில் நனைந்திருப்பது அப்போதுதான் தெரியும். இத்தனை மாதத்தில் முழுச் சந்தோஷம் தரும் கட்டம் இது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை.

இதுவரை சொன்னது பழைய மெக்கானிக்கல் இன்ஜின்களுக்கு. காமன் ரயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாயிலிருந்து கம்ப்யூட்டர் டீசல் கொடுக்கும் முறை) வந்த பிறகான இன்ஜின் என்றால் கதை வேறு. கம்ப்யூட்டர், அதற்குச் சாவியை அடையாளம் காட்டும் பெட்டி, பெடல் சென்சார், புகை வடிகட்டி, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் யூரியாவுக்கு ஒரு டேங்க், டஜன் கணக்கில் சென்சார்கள். ஒன்று பதில் சொல்லாவிட்டால் இன்ஜின் சக்தியைக் குறைத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். அப்படிப்பட்ட இன்ஜினைத் தனியாக வாங்கவே கூடாது. விபத்தில் போன முழு வண்டியை வாங்கி, கடைசி கிளிப் வரை கழற்றி மாற்றுவதுதான் பிழைக்கும் வழி.

அந்தப் பெட்டிகளை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டால் என்ன என்று தோன்றும். அங்கேதான் சட்டம் வருகிறது. பெட்ரோல் வண்டியின் மூன்றுவழி கேட்டலிட்டிக் கன்வர்டர், காற்றும் எரிபொருளும் சரியான விகிதத்தில் எரியும்போது மட்டுமே நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்கும். டீசல் எப்போதும் மிகுதிக் காற்றில் எரிவதால் அந்தக் கன்வர்டரால் அதை அடக்க முடியாது, கரித்துகளும் கூட. எனவே அரசுகள் எரிபொருள் மாற்றத்தைச் சாதாரண இன்ஜின் மாற்றமாகப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை, மாற்றிய பிறகு அந்த வண்டி அதே ஆண்டிலோ அதற்குப் பிந்தைய ஆண்டிலோ சான்று பெற்ற ஓர் அமைப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் முன்அனுமதி இல்லாமல் எரிபொருளை மாற்றினால் பதிவே செல்லாது, பதிவு செல்லாவிட்டால் காப்பீட்டையும் நம்ப முடியாது. ஆகவே முதல் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் போக வேண்டிய இடம் பதிவு அலுவலகம். பெரும்பாலானவர்கள் கடைசியில்தான் போகிறார்கள்.

பணக் கணக்கை லிட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம், எந்த ஊருக்கும் பொருந்தும். பெட்ரோலில் லிட்டருக்கு 8 கி.மீ. கொடுத்த வண்டி டீசலில் 12 கொடுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 100 கி.மீ.க்கு 12.5 லிட்டர் ஆனது 8.3 ஆகிறது, மிச்சம் ஏறக்குறைய 4.2 லிட்டர். இரண்டுக்கும் ஒரே விலை என்று கொண்டு, இன்ஜின், அடாப்டர், கிளட்ச், ரேடியேட்டர், ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்த்து 5,000 லிட்டர் எரிபொருளின் விலை ஆனது என்றால், அதை மீட்க 1,20,000 கி.மீ. ஓட வேண்டும். தினமும் 30 கி.மீ. ஓடும் வண்டிக்கு அது 11 வருடம். தினமும் 200 கி.மீ. சுமையோடு ஓடும் வண்டிக்கு இரண்டு வருடம்கூட ஆகாது. ஆனால் அந்த அளவு ஓட்டுபவர் தொழிற்சாலையிலேயே டீசலாக வந்த வண்டியை வாங்கியிருப்பார்.

மிஞ்சுவது மூன்று வகை ஆட்கள். நல்ல சட்டமும் கெட்ட இன்ஜினும் உள்ள பழைய வண்டி கையில் இருந்து, எப்படியும் இன்ஜின் வேலை பார்த்தே ஆக வேண்டியவர். ஊர் எல்லையைத் தாண்டி டிரெய்லர் இழுப்பவர், தண்ணீரிலும் சேற்றிலும் ஓட்டுபவர். இக்னிஷன் இல்லாத இன்ஜினின் அருமை அவருக்குத்தான் தெரியும். அப்புறம், சும்மா செய்து பார்க்க வேண்டும் என்பவர். அவருக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை.

மூவருக்கும் பொதுவாக ஒன்று. கழற்றிய பெட்ரோல் இன்ஜினை உடனே விற்றுவிட வேண்டாம். எண்ணெயைக் கொஞ்சம் சிலிண்டருக்குள் ஊற்றி, துளைகளைத் துணியால் அடைத்து, மவுண்டிங், ரேடியேட்டர், ஒயர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு மூலையில் வையுங்கள். பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் "டீசல்" என்று அச்சாகி வரும் நாள் வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.